பகலில் 9, விடியலில் 2

வேதாரண்யம் பக்கம் ஓர் இறால் குட்டை. குஞ்சு விட்ட அன்றே 100 குஞ்சுகளை எண்ணி, சின்ன வலைக்கூண்டில் தனியாக விட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் எண்ணினால் அறுபதுதான் உயிரோடு. பொரிப்பகத்துக்காரர் சோப்ளாங்கிக் குஞ்சைத் தள்ளிவிட்டார் என்றார் கணவர். மனைவிக்கு அதில் சம்மதமில்லை. அவருடைய நகையை அடகு வைத்து வாங்கிய குஞ்சு அது. பையிலிருந்து இறங்கும்போது துள்ளியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர்.

பக்கத்துப் பண்ணையில் மீட்டரை இரவல் வாங்கி அளந்தார். மதியம் ஆக்சிஜன் 9 பிபிஎம். கணவருக்குச் சந்தோஷம். விடியற்காலை நான்கரைக்கு அதே இடத்தில் அளந்தால் 2!

உண்மையில் அந்த 9-ஐப் பார்த்தே பயந்திருக்க வேண்டும். 30 டிகிரி சூட்டில் நல்ல தண்ணீரே சுமார் 7.5 பிபிஎம்தான் தாங்கும். கடல்நீர் 6 சொச்சம். அதற்கு மேல் காட்டினால் பாசி மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். பகலில் ஆக்சிஜனைக் கொடுக்கும் பாசி, ராத்திரியில் தானும் மூச்சு விடும். அடிச்சேறு வேறு பங்குக்கு வரும். ‘குஞ்சு சின்னதுதானே, டீசல் எதற்கு’ என்று ஏரேட்டரை ராத்திரியில் நிறுத்தியிருந்தார்கள். எடைக்கு எடை பார்த்தால் பெரிய இறாலைவிடக் குஞ்சுக்குத்தான் ஆக்சிஜன் அதிகம் வேண்டும். 4-க்குக் கீழே இறங்கவே கூடாது. வெயில் ஏறினால் குஞ்சின் தேவை கூடும், தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

இப்போது ராத்திரி முழுக்க ஏரேட்டர் ஓடுகிறது. டீசல் செலவு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால், கூண்டில் மேற்கொண்டு சாவு இல்லை.

ஆக்சிஜன் இருந்தும் குஞ்சு திணறுவது உண்டு. அம்மோனியா செவுளைக் கெடுக்கும். பிஹெச் ஏறும் பிற்பகலில் அதன் நஞ்சு கூடும். நைட்ரைட், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க விடாது. உப்பு குறைந்த குட்டையில் இதன் கொடுமை அதிகம்.

அடுத்த முறை குஞ்சு வரும்போது பையைத் திறக்காமல் அரை மணி நேரம் குட்டையில் மிதக்கவிடப் போகிறார் அந்த அம்மா. திறந்தபின் தாமதிக்கக் கூடாது. உள்ளே சேர்ந்திருந்த கரியமில வாயு வெளியேறியதும் பிஹெச் ஏறி, அடங்கிக் கிடந்த அம்மோனியா நஞ்சாகிவிடும். உடனே காற்றுக்குழாய் போட்ட தொட்டிக்கு மாற்றி, குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பழக்க வேண்டும்.