இரவல் வரிசை

என்ன வேலை பார்க்கிறாய் என்று அப்பா கேட்டபோது, எழுதி முடித்த தரவுத்தள மென்பொருளை விண்டோஸுக்கு ஒரு மாதிரி, டெபியனுக்கு ஒரு மாதிரி, ரெட்ஹாட்டுக்கு ஒரு மாதிரி கட்டி அனுப்புவது என்று சொன்னேன். எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் அரிசி ஆலைகள் அதிகம். "அப்போ மூட்டை புடிக்கிற வேலைன்னு சொல்லு" என்று முடித்துவிட்டார். பொறியியல் படிப்பில் தரவுத்தளம் ஒரு முழுப் பாடம். மூட்டை பிடிப்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

நான் அதிகம் புழங்குவது போஸ்ட்கிரெஸ். 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாகத் தொடங்கியது. விண்டோஸில் நேரடியாக ஓட ஆரம்பித்தது 2005இல், 8.0 பதிப்பில்தான். ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்தப் பதிப்பு. திங்கட்கிழமை மூல நிரலைக் கட்டி, பொதி தயாரிப்பவர்களிடம் கொடுப்பார்கள். வியாழக்கிழமை அறிவிப்பு வரும். இடைப்பட்ட நாட்களில் அதே நிரல் பல கைகளில் பல உருவம் எடுக்கும். டெபியனில் நிறுவிய கையோடு தரவுக் கோப்புறையை அதுவே உருவாக்கி, ஓடவும் ஆரம்பித்துவிடும். ரெட்ஹாட் வகையறாவில் அந்த வேலையை நாம்தான் சொல்லிச் செய்ய வேண்டும். விண்டோஸில் ஒரு பெட்டி திறந்து கடவுச்சொல் கேட்கும்.

இதெல்லாம் பழகிப்போகும். பழகாத ஒன்று, மூட்டைக்குள் இல்லாத பொருள். எந்தச் சொல் முன்னால், எந்தச் சொல் பின்னால் என்ற அகர வரிசை போஸ்ட்கிரெஸின் சொந்தச் சொத்து கிடையாது, இரவல். லினக்ஸில் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்திடம் கேட்டுக்கொள்ளும், விண்டோஸில் விண்டோஸிடம். மென்பொருள் ஒன்றுதான், பதிப்பும் ஒன்றுதான், ஆனால் வரிசை ஊருக்கு ஒன்று.

இதில் என்ன குடி முழுகிவிடும் என்றுதான் தோன்றும். எனக்கு அது புரிந்தது கல்வராயன் மலையில்.

கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து மேலே ஏறினால் வெள்ளிமலை. அங்கே சிறிய தொண்டு அமைப்பு ஒன்று குக்கிராமங்களுக்குப் போய் மருத்துவ முகாம் நடத்திக்கொண்டிருந்தது. சிக்னலை நம்ப முடியாது என்பதால் பதிவேடு மடிக்கணினியிலேயே இருந்தது: டெபியன், அதன்மேல் போஸ்ட்கிரெஸ். மலையில் ஒரே பெயரில் பலர் இருப்பதால் பெயரை வைத்துத் தேடுவதில்லை. ஊர் எண், நடுவில் சிறு கோடு, வீட்டு எண். 11-5, 1-23 என்பது போல.

2019 ஜூலையில் டெபியன் 10 வந்தது. (அதே ஆண்டு நவம்பர் 26 அன்று எங்கள் ஊரையும் விழுப்புரத்திலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாகக் கட்டினார்கள். அந்த வருடம் எல்லாமே மறுபொதிதான்.) ஒரு தன்னார்வலர் இயங்குதளத்தை முறைப்படி புதுப்பித்தார். போஸ்ட்கிரெஸை அதே பதிப்பில் விட்டுவிட்டார். தரவையும் தொடவில்லை. எல்லாம் நன்றாக ஓடியது.

2020 பொங்கலுக்கு நான் ஊருக்கு வந்திருந்தபோது அங்கிருந்து அழைத்தார்கள். ஏழாம் மாதக் கர்ப்பிணி ஒருவர் முகாமுக்கு வந்திருக்கிறார். எண்ணைப் போட்டால் பதிவு இல்லை. சரி, விட்டுப்போயிருக்கும் என்று புதிதாகப் பதிந்திருக்கிறார்கள். ஆனால் செவிலியர் அக்காவுக்கு அந்த முகம் நினைவிருந்தது. தன் நீளநோட்டைப் புரட்டியிருக்கிறார். போன முறை ரத்த அழுத்தம் கூடுதல், சிவப்பு மையில் சுழித்திருந்தது. அன்றே கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார். "நோட்டுல இருக்கு தம்பி, பொட்டியில இல்லைங்குது" என்றார் என்னிடம்.

இன்டெக்ஸைப் பார்க்காமல் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தேடு என்று கட்டளை கொடுத்தேன். பழைய பதிவு வந்தது. இன்டெக்ஸ் வழியாகத் தேடச் சொன்னால் வரவில்லை. ஒரே கேள்விக்கு ஒரே பெட்டி இரண்டு பதில் சொன்னது.

காரணம் ஜிலிப்சி. 2018 ஆகஸ்டில் வந்த 2.28 பதிப்பில் அதன் வரிசை விதிகளைப் புதிய சர்வதேசத் தரத்துக்கு மாற்றினார்கள். பழைய விதியில் சிறு கோடு முதல் சுற்றில் கணக்கில் வராது. 11-5 என்பது 115 போலவும் 1-23 என்பது 123 போலவும் ஒப்பிடப்படும், ஆகவே 11-5 முதலில். புதிய விதியில் கோட்டுக்கும் இடம் உண்டு, அதுவும் எண்களுக்கு முன்னால். எனவே 1-23 முதலில். இன்டெக்ஸ் என்பது பழைய விதிப்படி அடுக்கிய கட்டு. புதிய விதியோடு போய்த் தேடினால், கிளை பிரியும் இடத்தில் வலப்பக்கம் திரும்ப வேண்டியவர் இடப்பக்கம் திரும்புவார். அங்கே ஆள் இல்லை. 'இல்லை' என்று நிச்சயமாகச் சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது என்ற கட்டுப்பாடும் அதே இன்டெக்ஸை நம்பித்தான் இருக்கிறது. அதனால் இரட்டைப் பதிவையும் அது தடுக்கவில்லை. இன்டெக்ஸை மறுபடி கட்டினால் தீர்ந்தது என்று கையேடு சொல்லும். ஆனால் இரட்டைகள் இருந்தால் அந்த வேலையே பாதியில் பிழை காட்டி நின்றுவிடும். முதலில் அவற்றைக் கண்டுபிடித்து, எதில் எது உண்மை என்று பார்த்து ஒன்றாக்க வேண்டும். வெள்ளிமலையில் இரண்டு இரவு உட்கார்ந்தோம். அக்கா நோட்டைப் படித்தார், நான் திருத்தினேன். கணினி பதிவேட்டைக் காகிதம் பார்த்துச் சரிசெய்த இரவுகள்.

யார் தவறு என்று அமைப்பில் கேட்டார்கள். ஜிலிப்சிக்காரர்கள் வரிசையைத் தரத்தோடு பொருத்தினார்கள், சரியான வேலை. டெபியன் அதைக் கொண்டுவந்து சேர்த்தது. போஸ்ட்கிரெஸில் ஒரு வரி மாறவில்லை. ஒவ்வொரு மூட்டையையும் தனித்தனியாகத் தராசில் வைத்தால் எடை சரி. ஆனால் வருடக்கணக்கில் வட்டில் கிடக்கப்போகும் ஒரு கட்டமைப்பை, அடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடிய விதியின் மேல் கட்டியது போஸ்ட்கிரெஸின் பழைய சோம்பல் என்பது என் கருத்து. அவர்களும் உணராமலில்லை. 2017இல் 10ஆம் பதிப்பில் ஐசியு என்ற தனி நூலகத்தின் வரிசையைப் பயன்படுத்தும் வழி வந்தது. தரவுத்தளத்தின் இயல்பு வரிசை அடியில் மாறிவிட்டால் எச்சரிப்பது 2022இல், 15ஆம் பதிப்பில் வந்தது. இயங்குதளத்தை நம்பாமல் தன் கையிருப்பிலேயே ஓர் எளிய வரிசை வைத்துக்கொண்டது 2024இல், 17ஆம் பதிப்பில்.

வெள்ளிமலைப் பெட்டிக்கு, எண்களை வெறும் பைட் வரிசையில் வைத்தேன். அது எந்த இயங்குதளத்திலும் மாறாது. பெயர்களை அப்படி வைக்க மனம் வரவில்லை. யூனிகோட் எண்படி அடுக்கினால் நம் எழுத்துகள் இடம் மாறி நிற்கும்: ள, ழ இரண்டும் வகரத்துக்கு முன்னால், னகரம் நகரத்தை ஒட்டி, புள்ளி வைத்த எழுத்து எல்லாவற்றுக்கும் கடைசியில். அகராதியில் மல்லிகாவுக்குப் பிறகுதான் மலர். பைட் வரிசையில் மலர் முந்திக்கொள்வாள். எனவே பெயர்களுக்கு ஐசியுவின் தமிழ் வரிசை. கீழே டவுன் அலுவலகத்தில் விண்டோஸ் கணினி இருந்தது. அதிலும் இதையே வைத்ததால் இரண்டு இடத்திலும் பட்டியல் முதன்முறையாக ஒரே மாதிரி அச்சாகி வந்தது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

அக்கா பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். "இந்த ஆனா ஆவன்னா வரிசை எனக்கெதுக்கு தம்பி? நான் நடக்கிற வரிசையில குடுங்க. எந்த ஊரு முதல்ல வருதோ அது மேல இருக்கணும்."

ஊர்களுக்கு நடை எண் என்று ஒரு நெடுவரிசை சேர்த்தோம். மழைக்காலத்தில் ஓடை நிறைந்தால் பாதை மாறும் என்பதால், அந்த எண்களை அவரே மாற்றிக்கொள்ளும்படி விட்டிருக்கிறோம்.