கோச் என்றால் வண்டி

என் மைத்துனரின் பேத்தி அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சென்ற மாதம் போனில் பேசும்போது, "தாத்தா, எங்க காலேஜ் பொண்ணுங்க ஐஸ் ஹாக்கி டீம்தான் நாட்டிலேயே டாப்" என்றாள். மயிலாப்பூரில் 40 வருஷமாகக் குடியிருப்பவனுக்கு ஐஸ் என்றால் திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ்தான் ஞாபகம் வரும். பனிக்கட்டித் தரையில் பெண்கள் மட்டையோடு சறுக்கி ஆடுவதை அவள் அனுப்பிய வீடியோவில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஆட்டத்தைவிட என் கவனம் போனது அந்த அணியின் பயிற்சியாளர் மீது. பெயர் மார்க் ஜான்சன். 1980 குளிர்கால ஒலிம்பிக்கில் சோவியத் அணியைத் தோற்கடித்த அமெரிக்க அணியில் ஆடியவர். அந்த ஆட்டத்தில் 2 கோல் போட்டவரும் அவரே. 2002 முதல் ஒரே பல்கலைக்கழகத்தில் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர். 2025 வரை 8 முறை தேசியப் பட்டம். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே நாற்காலி! அரசாங்க குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இதன் அருமை நன்றாகவே புரியும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இதைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் பயிற்சியாளருக்கு 'அந்த்ரெனேர்' என்று பெயர். தன்னோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறவர் என்பது அதன் வேர்ப்பொருள். ஆங்கிலத்தில் கோச் என்றால் முதலில் குதிரை வண்டி. ஹங்கேரியில் கோச் என்ற ஊரில் செய்த வண்டிக்கு அந்த ஊர்ப் பெயரே நிலைத்தது. ஆக, இரண்டு மொழியிலும் பயிற்சியாளர் என்பவர் இன்னொருவரை ஓரிடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பவர். அந்த வண்டியையே நடுவழியில் கவிழ்த்துவிட்டால்?

அப்படிக் கவிழ்க்கப்பட்டு, தானே நிமிர்ந்து நின்ற ஒரு பயிற்சியாளர் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன்.

1981இல் பிறந்தவர். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளிகள். 2005இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் அதே 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி மறுபடி வெள்ளி. சில நாட்களிலேயே பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். ஒருவரின் மருத்துவப் பரிசோதனை முடிவு அவருடைய அந்தரங்கம். அது உலகம் பூராவும் செய்தியாயிற்று. அதன்பின் அந்தப் பெண் பட்ட துயரத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. பத்திரிகைகள் தேவைக்கு மேலேயே எழுதிவிட்டன.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அன்றைய முதலமைச்சர் கலைஞர், பதக்கம் போன பிறகும், அறிவித்த 15 லட்சம் ரூபாய்ப் பரிசை நிறுத்தவில்லை, கொடுத்தார்.

சாந்தி புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ஆனால் நிலையான வேலை இல்லை. 2012இல் அவர் செங்கல் சூளையில் நாளுக்கு 200 ரூபாய் கூலிக்கு வேலை செய்கிறார் என்ற செய்தி வந்தபோதுதான் டெல்லிவரை அசைந்தது. மறுவருஷம் பெங்களூருவில் பயிற்சியாளர் பட்டயப் படிப்பில் சேர்ந்தார், முடித்தார். பிறகு மயிலாடுதுறையில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஒப்பந்தப் பயிற்சியாளர். வெகுநாள் கழித்து நிரந்தரப் பணி.

'ஒப்பந்தம்', 'நிரந்தரம்' என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில் எவ்வளவு தூரம் என்பது ஃபைல் தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். என் செக்ஷனில் தொகுப்பூதியத்தில் ஒரு டைப்பிஸ்ட் அம்மா 9 வருஷம் இருந்தார். லீவு எடுத்தால் சம்பளம் கிடையாது, இன்க்ரிமென்ட் கிடையாது, சொஸைட்டியில் கடன் கிடையாது. பணி வரன்முறை ஆணை வந்த அன்று அவர் ஸ்வீட் எதுவும் வாங்கி வரவில்லை. பணிப்பதிவேட்டில் தன் பெயர் எழுதிய முதல் பக்கத்தைக் கேட்டு வாங்கி, வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். இனி யாரும் சும்மா அடித்துவிட முடியாத இடத்தில் பெயர் ஏறிவிட்டது. சாந்திக்கு வேலை நிரந்தரமான செய்தியைப் படித்தபோது அந்த அம்மாவின் முகம்தான் எனக்குத் தோன்றியது.

எங்கள் சர்வீஸில் ஒரு பியூனுக்குப் பெரிய தண்டனை கொடுக்க வேண்டுமானாலும் 17 பி குறிப்பாணை தர வேண்டும். விளக்கம் கேட்க வேண்டும், விசாரணை நடத்த வேண்டும், அப்புறம் மேல்முறையீடு. சலிப்பூட்டும் நடைமுறைதான். ஆனால் நாட்டுக்காக ஓடிய பெண்ணின் பிழைப்பு போனபோது இந்த நடைமுறையில் கால்வாசி இருந்திருந்தால் போதுமே என்று தோன்றுகிறது.

காலம் மெல்ல மாறிற்று. ஒடிஷாவின் துத்தி சந்தை 2014இல் இதேபோல விலக்கி வைத்தபோது அவர் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். 2015இல் அந்த விதியே நிறுத்திவைக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனார். 2025 ஜூலையில் அதன் பெரிய அமர்வு, அவருடைய வழக்கு நியாயமாக விசாரிக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. பெண்கள் பிரிவில் யார் ஓடலாம் என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. இரு பக்கமும் நியாயம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விசாரிக்காமல் தீர்க்கக் கூடாது என்பதில் இரண்டு பக்கம் கிடையாது.

சாந்தியின் பதக்கம் திரும்பவில்லை. ஆனாலும் விடியற்காலையில் மைதானத்துக்குப் போய், ஸ்டாப் வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு, யார் வீட்டுப் பிள்ளைகளையோ ஓட வைக்க அவரால் முடிந்தது. எந்த ஓட்டம் தன்னை அவ்வளவு காயப்படுத்தியதோ, அதையே அடுத்த தலைமுறைக்கு நம்பிச் சொல்லிக் கொடுத்தார். 8 பட்டம் வாங்கிய ஜான்சனுக்கு என் மரியாதை. ஆனால் அவருக்கு மைதானமும் சம்பளமும் நாற்காலியும் பல்கலைக்கழகம் கொடுத்தது. இந்தப் பெண்ணுக்கு வண்டியும் இல்லை, பாதையும் இல்லை. தானே இழுத்துப் போனார். 'அந்த்ரெனேர்' என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியாது.