நடுவில் நிற்கும் 'எஸே'

மாட்ரிட் சந்தையில் ஒரு சீஸ் கடை என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் ஸ்பானியம் படித்தவர் வாங்க வருகிறார். கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம், கடைக்காரரின் கையோரம் இருப்பதுதான் வேண்டும். இவர் 'எஸ்தே' என்கிறார். கடைக்காரர் இவர் முன்னால் இருக்கும் சீஸை எடுத்துக் கத்தியை வைக்கிறார். கேட்டிருக்க வேண்டியது 'எஸே'.

ஸ்பானியத்தில் சுட்டு மூன்று. பேசுபவர் பக்கம் இருப்பது எஸ்தே, கேட்பவர் பக்கம் இருப்பது எஸே, இருவருக்கும் தள்ளி இருப்பது அக்கேல். பெண்பாலுக்கு எஸ்தா, எஸா, அக்கெய்யா. பெயர் சொல்ல முடியாத சங்கதிக்கு எஸ்தோ, எஸோ, அக்கெய்யோ. இது, அது என்ற இரண்டோடு வளர்ந்த தமிழ்நாட்டுக்காரருக்கு நடுச்சொல் இடறும், யாழ்ப்பாணத்தாருக்கு இடறாது. தொல்காப்பியம் சொல்லும் அ, இ, உ மூன்றில் உகரச் சுட்டு அங்கே இன்னும் பேச்சில் இருக்கிறது. எதிரில் இருப்பவர் கையில் உள்ளது 'உது', அவர் நிற்கும் இடம் 'உங்கை'.

நடுச்சொல்லுக்கு ஒரு பூர்வகதை உண்டு. லத்தீனில் கேட்பவர் பக்கத்துச் சொல் 'இஸ்தே'. கி.மு. 70-இல் வெர்ரெஸ் மீது வழக்கு நடத்திய சிசரோ, எதிராளியை அடிக்கடி பேர் சொல்லாமல் 'இஸ்தே' என்றே சுட்டினார். அதில் ஏளனம் ஒட்டியிருந்தது. பிறகு அந்தச் சொல் எஸ்தே ஆகிப் பேசுபவர் பக்கம் நகர்ந்துவிட, 'தானே' என்று பொருள்பட்ட 'இப்ஸே' வந்து எஸே ஆனது. நாற்காலியில் ஆள் மாறியாயிற்று. ஏளனம் மட்டும் எழுந்து போகவில்லை.

'எஸே ஓம்ப்ரே' என்றால் அந்த மனிதர். விசேஷம் எதுவுமில்லை. சுட்டைப் பின்னால் தள்ளி 'எல் ஓம்ப்ரே எஸே' என்றால் பெரும்பாலும் 'அந்த ஆளு' என்ற முகச்சுளிப்பு வந்துவிடும். யாழ்ப்பாணத்தில் 'உந்தக் கதையை விடு' என்பவருக்கு இந்தத் தொனியை விளக்க வேண்டியதில்லை.

அதே எஸே, லாஸ் ஏஞ்சலஸிலும் எல் பாஸோவிலும் மெக்சிகோ வழி அமெரிக்கர்களின் கொச்சையில் தோழனை அழைக்கும் விளி. 'ஓராலே, எஸே' என்பது ஏறக்குறைய நம் 'வாடா மச்சி'. தொளதொளக் கால்சட்டையும் நீளக் கோட்டுமாக இப்படிப் பேசித் திரிந்த 1940-களின் பச்சூக்கோ இளைஞர்களை லூயிஸ் வால்டெஸ் 1978-இல் 'ஸூட் சூட்' நாடகமாக மேடையேற்றினார். ஹாலிவுட் இந்த விளியை ரவுடிப் பாத்திரங்களின் முத்திரையாகவே ஆக்கிவிட்டது. படம் பார்த்துக் கற்றுக்கொண்டு முன்பின் தெரியாதவரிடம் சொல்லிப் பார்க்காமல் இருப்பது நல்லது.

எஸோவுக்கு வேலை இன்னும் அதிகம். ஆட்டக்காரரைப் பார்த்து 'எஸோ!' என்று கத்தினால் 'அப்படிப் போடு!'. ஊருக்குப் போகிறேன் என்பவரிடம் 'ஈ எஸோ?' என்றால் 'என்ன திடீர்னு?'. 'ஆ எஸோ தே லாஸ் சிங்கோ' என்றால் ஐந்து மணி வாக்கில். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் பேச்சு நடுவில் வார்த்தை தட்டினால் 'எஸ்தே...' என்று இழுப்பார்கள், நாம் 'அது வந்து...' என்று இழுப்பதைப் போல. ஸ்பெயினில் அக்கேலுக்கும் ஒரு தனிச் செல்லம்: 'தியேனே சு அக்கேல்'. அவரிடம் ஏதோ ஒன்று இருக்கிறது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

ஆனால் முதல் இரண்டின் அழகும் சேர்ந்து தெரிவது பழைய ஸ்பானியக் கடிதங்களில். ஊர்ப்பேர் எழுதத் தேவையில்லை. எஸ்தா என்றால் எழுதுபவர் இருக்கும் ஊர், எஸா என்றால் கடிதம் போய்ச் சேரும் ஊர். 'திங்கட்கிழமை எஸாவுக்கு வந்து சேருவேன்' என்று பார்சலோனா வியாபாரி எழுதினால், செவில்லாவில் உறையைப் பிரிப்பவர் அன்று ரயிலடிக்கு ஆள் அனுப்பிவிடுவார்.