ஈரத்துணி வைத்தியம்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில், உச்சி வெயிலில் அந்தப் பெட்ரோல் அம்பாசிடர் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். ஒதுங்க நிழல் இல்லை. அப்பா வழக்கம்போலத் துண்டை நனைத்து ஃப்யூயல் பம்ப் மேல் போர்த்தினார். சூட்டில் பெட்ரோல் ஆவியாகி லைனை அடைத்துக்கொண்டால் அந்தக் காலத்து டிரைவர்கள் செய்கிற வைத்தியம் அது.

கால் மணி நேரத்தில் வண்டி கிளம்பியது. வீட்டுக்கு வந்ததும் மகள் ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தாள்.

"ஆயில் குறையத்தானேப்பா செய்யும்? இது ஏறியிருக்கு!"

முகர்ந்தால் பெட்ரோல் வாடை. பம்புக்குள் டயாஃப்ரம் கிழிந்து, பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்கியிருந்தது. நீர்த்துப்போன ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போய்விடும். ஈரத்துணியில் தீர்கிற சங்கதியா இது?

அம்பாசிடர் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டாலும், பம்ப் மதுரையில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்தடியில் வேலை. இன்ஜின் ஆறியிருந்தது. முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார்கள். முடிகிறவரை அம்மா அடுப்பே பற்றவைக்கவில்லை. கழற்றிய பெட்ரோல் குழாயில் மகள் ஒரு பென்சிலைச் செருகினாள். பம்பைப் பிடித்திருப்பவை இரண்டே நட்டுகள். ஒட்டிப்போன பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுப்பதுதான் பெரும்பாடு. புதுப் பம்ப் உட்காராமல் முரண்டு பிடித்தது. அப்பா சுத்தியலைத் தேடினார். மகளோ கிராங்க் கம்பியைப் போட்டு இன்ஜினைக் கொஞ்சம் சுற்றினாள். கேம் மேடு விலகியது. பம்ப் தானாகப் பொருந்தியது.

ஆயிலை வடித்துப் புதிது ஊற்றினார்கள். பம்பின் கை லீவரை அமுக்கி, கார்புரேட்டர் வரை பெட்ரோலை ஏற்றினாள். பேட்டரி வயரை மாட்டிச் சாவியைத் திருப்ப, இரண்டாம் முயற்சியில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

அப்பா மட்டும் அந்தத் துண்டை வண்டியிலிருந்து எடுக்கவில்லை.

"மே மாசம் வருதுல்ல?" என்றார்.