மீட்டர் காட்டாத கணக்கு

'ஏலம்' என்னும் சொல் நம் வழக்கில் இரண்டு உண்டு. மணப்பொருளாகிய ஏலம் ஒன்று. பொருளை முன்வைத்து விலை கேட்கும் ஏலம் மற்றொன்று. பின்னது போர்த்துகீசியரோடு கடல் கடந்து நம் கரைக்கு வந்த சொல். அவர்தம் மொழியில் அதற்கு மூலமான சொல், அறிவித்தலையும் கொடியையும் குறிக்கும் அரபுச் சொல்லினின்று பிறந்தது என்று சொல்லாராய்ச்சியாளர் சிலர் காட்டுவர். அரபியில் தோன்றி, ஐரோப்பாவைச் சுற்றி, மீண்டும் அரபு மணம் கமழும் நம் கடற்கரை ஊர்களுக்கே ஒரு சொல் வந்து சேர்ந்ததென்றால் அதன் பயணம் வியப்புக்குரியதே.

சொல் எவ்வழி வந்திருப்பினும் செயல் நமக்குப் பழக்கமானது. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் நேர்ச்சையாக வந்த சேவலையும் தேங்காயையும் பள்ளிவாசல் முற்றத்தில் ஏலம் கூறக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தென்னந்தோப்புக் குத்தகையும் அவ்வாறே முடிவாகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே ஏலம் நடத்திய நிகழ்ச்சியை அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள்; அபூதாவூத் முதலிய நபிமொழித் தொகுப்புகளில் அது இடம்பெற்றுள்ளது. இரந்து வந்த அன்சாரித் தோழர் ஒருவரிடம் இருந்தவை ஒரு முரட்டு விரிப்பும் நீர் பருகும் பாத்திரமும் மட்டுமே. அவற்றைக் கொண்டுவரச் செய்து, கூடுதலாகத் தருவார் உண்டோ எனப் பெருமானார் கேட்க, ஒரு திர்ஹமில் தொடங்கிய விலை இரண்டு திர்ஹமில் முடிந்தது. ஒரு திர்ஹமுக்கு இல்லத்தாருக்கு உணவும், மறு திர்ஹமுக்குக் கோடரியும் வாங்கப்பட்டன. கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே காம்பு பூட்டிக் கொடுத்து, விறகு வெட்டி விற்றுவரச் சொன்னார்கள். பதினைந்து நாள் கழித்து அத்தோழர் பத்துத் திர்ஹங்களோடு திரும்பி வந்தார். ஏழை ஒருவரின் உடைமைக்கு உரிய விலையைப் பெற்றுத் தருவதே ஏலத்தின் நோக்கம் என்பதை இந்நிகழ்ச்சியைவிடத் தெளிவாக விளக்குவது அரிது.

அந்நோக்கம் என் கண்முன் மெய்யாகக் கண்ட ஒரு மாலையைப் பற்றியதே இக்கட்டுரை. நான் ஏலத்தில் வாங்கியது ஒரு பழைய மகிழுந்து. எனினும் சொல்ல வந்தது மகிழுந்தைப் பற்றி மட்டுமன்று.

வண்டியும் அதன் வரலாறும்

அவ்வண்டி 1969ஆம் ஆண்டின் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு'. இன்றைய மாணவர்க்கு இப்பெயர் புதிதாக இருக்கலாம். நம் நாட்டுச் சாலைகளில் மூன்றே வகைக் கார்கள் ஆட்சி செலுத்திய காலம் ஒன்றிருந்தது. வங்காளத்து உத்தர்பாராவிலிருந்து அம்பாசிடரும் பம்பாயிலிருந்து பியட்டும் வந்தன. மூன்றாவதான ஹெரால்டு நம் சென்னையில் பிறந்தது. பெருங்களத்தூர், வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அதனைத் தயாரித்தது. இங்கிலாந்தின் 'டிரையம்ப் ஹெரால்டு' வண்டியின் இந்திய வடிவம் அது. உருவமைத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மைக்கேலோட்டி. இயந்திரத்தின் கொள்ளளவு 948 கன சென்டிமீட்டர். முன்பக்கத்து மூடியைத் திறந்தால் இரு சக்கரக் காப்புகளும் அதனோடு சேர்ந்தே முன்னோக்கிக் கவிழும். மிஸ்திரி சக்கரத்தின்மீதே அமர்ந்து வேலை பார்க்கலாம். ஒடுங்கிய தெருவிலும் ஒரே திருப்பில் திரும்பிவிடும். தெருக்கள் குறுகிய நம் ஊர்களில் அதற்குத் தனி மதிப்பு இருந்ததற்கு இதுவே காரணம்.

இவ்வண்டியை வாங்கியவர் பினாங்கில் வாணிகம் செய்துவந்த சபுராளி ஒருவர். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊர் வந்து சில திங்கள் தங்குவார். அந்நாளில் மட்டுமே வண்டி புறப்படும். நிக்காஹ் வீட்டுக்கு மாப்பிள்ளையை அழைத்துவர, பேறுகாலத்தில் மருத்துவமனை செல்ல, ரயிலடிக்குப் போய்வர என்று ஊரார் எவர் கேட்டாலும் மறுத்ததில்லை. அவர் கப்பலேறிய பின் சக்கரங்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்துக் கொட்டகையில் நிறுத்திவிடுவார்கள். 1990களின் நடுவிலிருந்து அது கொட்டகையை விட்டு வெளியே வரவேயில்லை. மீட்டர் காட்டிய கணக்கு 38,412 கிலோமீட்டர்.

உரிமையாளர் 2021ஆம் ஆண்டில் இறையடி சேர்ந்தார். அவர்க்கு மனைவி, இரு மகன்கள், ஒரு மகள். அடக்கச் செலவும் கடனும் நீங்கிய பின், எஞ்சிய உடைமையில் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மீதத்தில் மகன் ஒவ்வொருவர்க்கும் இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்பது மார்க்கம் வகுத்த கணக்கு. நிலத்தை அளந்து பிரிக்கலாம். நகையை நிறுத்துப் பிரிக்கலாம். காரை எப்படிப் பிரிப்பது? ஆகவே 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒரு நாள் அஸர்த் தொழுகைக்குப் பின் வீட்டு முற்றத்திலேயே ஏலம் விடுவதென முடிவாயிற்று.

கண் கண்ட சான்று

ஏலத்துக்கு இரு நாள் முன்னர் வண்டியைப் பார்க்க அனுமதித்தார்கள். பழைய வண்டி வாங்குவோர் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும்: குறைவாக ஓடியது என்பது முழு நன்மையன்று. ஓடாத வண்டிக்கும் தேய்மானம் உண்டு. தொட்டியில் நின்ற பெட்ரோல் பிசின்போல் இறுகும். தொட்டியின் உட்புறம் துருவேறும். பிரேக்கின் ரப்பர்ப் பாகங்கள் இறுகிச் சிலிண்டர்கள் சிக்கிக்கொள்ளும். சக்கரத்து ரப்பர் வெடிக்கும். மின்கம்பிகளின் மேலுறையை எலி கடித்திருக்கும். ஓடிய வண்டி உழைத்துத் தேய்கிறது. ஓடாத வண்டி இருந்தே தேய்கிறது. மனிதர்க்கும் இது பொருந்தும்.

மீட்டரை மட்டும் நம்பவும் கூடாது. அக்கால மீட்டர்களில் இலக்கங்கள் ஐந்தே. ஒரு லட்சம் தொட்டதும் மீண்டும் சுழியத்தில் தொடங்கிவிடும். கேபிள் அறுந்தாலோ, வண்டி ஓடும், மீட்டர் ஓடாது. ஆதலால் தேர்ந்தவர்கள் வேறு சான்றுகளைத் தேடுவர்: ஓட்டுநர் பக்கக் கதவின் கீல் தளர்ந்துள்ளதா, ஸ்டியரிங் வளையம் வழவழத்துள்ளதா, இருக்கையின் ஸ்பிரிங் அமுங்கியுள்ளதா, கிளட்ச் மிதியின் ரப்பர் எந்த அளவு தேய்ந்துள்ளது என்று பார்ப்பர். நானும் பார்த்தேன். கதவும் இருக்கையும் நன்றாகவே இருந்தன. கிளட்ச் மிதியின் ரப்பர் மட்டும் ஒரு பக்கமாக நன்கு தேய்ந்திருந்தது. 38,000 கிலோமீட்டருக்கு அத்தேய்மானம் சற்று மிகையாகத் தோன்றியது. விலையைக் கேட்கும்போது இதனையும் கணக்கிற் கொள்வதென எண்ணி, என் வரம்பு 1,75,000 ரூபாய் என்று உறுதி செய்துகொண்டேன்.

நகரத்திலிருந்து தரகர் ஒருவரும் வந்திருந்தார். பழங்கார் சேகரிப்போர்க்கு வாங்கித் தருபவர். அவர் மூத்த மகனைத் தனியே அழைத்து, மீட்டர்க் கணக்கு முழுதும் உண்மையானது என்று குடும்பத்தார் எழுதிக் கையொப்பமிட்டால் ஏலமே வேண்டாம், தாமே 2,50,000 ரூபாய் தருவதாகக் கூறினாராம். குறைவாக ஓடியதென எழுத்துச் சான்றுள்ள வண்டிக்குச் சேகரிப்போர் உலகில் மதிப்பு மிகுதி. மூத்தவர் தம் உம்மாவைக் கேட்டுச் சொல்வதாக விடையளித்துவிட்டார்.

முற்றத்தில் நிகழ்ந்தது

குறித்த நாளில் முற்றத்தில் முப்பது பேர் வரை கூடியிருந்தோம். தென்னந்தோப்புக் குத்தகையை ஆண்டுதோறும் ஏலம் கூறும் பெரியவரே இதற்கும் நடுவராக அமர்ந்தார். தொடங்குமுன் அவர் ஓர் அறிவிப்புச் செய்தார்: வாங்கும் எண்ணம் இல்லாதவர் வாய் திறக்கலாகாது. குடும்பத்தின்மீது கொண்ட பரிவினால் விலையை ஏற்றிவிட விரும்பிய உறவினர் சிலர் அங்கிருந்தனர் என்பதை அவர் அறிவார். வாங்கும் நோக்கமின்றிப் பிறரை ஏமாற்ற விலையை உயர்த்திக் கேட்பதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். நாயகம் (ஸல்) அவர்கள் அதனைத் தடுத்துள்ளார்கள். நல்லெண்ணத்தோடு செய்யினும் ஏமாற்று ஏமாற்றே என்று பெரியவர் சுருக்கமாக முடித்தார்.

அப்போது உள்ளிருந்து அவ்வீட்டு மகள் கதவருகே வந்து நின்றார். மூவருள் பொருள்நிலை குன்றியவர் அவரே. மகனின் படிப்புச் செலவுக்கு இவ்வண்டியின் பங்கை எதிர்நோக்கியிருந்தார் என்பது ஊரறிந்த செய்தி.

"காக்கா, உம்மா ஒன்று சொல்லச் சொன்னார்கள். எல்லாருக்கும் கேட்கும்படியே சொல்லச் சொன்னார்கள்" என்றார்.

"சொல்லும்மா" என்றார் மூத்தவர்.

"1978இல் வாப்பா பயணத்தில் இருந்தபோது, சாச்சா ஓராண்டுக்காலம் இந்த வண்டியை ரைஸ்மில்லுக்கு ஓட்டினார்களாம். அந்த ஆண்டு முழுவதும் மீட்டர் கேபிள் அறுந்து கிடந்ததாம். அதனால் மீட்டரில் இருப்பது முழுக் கணக்கு இல்லையாம். எவ்வளவு விட்டுப்போனது என்று தமக்குத் தெரியாது, தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதித் தர முடியாது என்று உம்மா சொல்கிறார்கள்."

முற்றத்தில் சற்றுநேரம் பேச்சில்லை. இளைய மகன் தலைகுனிந்து நின்றார். தரகர் மூத்தவரின் காதருகே ஏதோ சொன்னார். மூத்தவர் அவரைப் பாராமல் தம் தங்கையையே பார்த்து, "உம்மா சொன்னதுதான் கணக்கு" என்றார். தரகர் தம் துண்டை உதறித் தோளிலிட்டுக்கொண்டு பின்வரிசைக்குச் சென்றுவிட்டார். பிறகு ஒருமுறைகூட அவர் விலை கேட்கவில்லை.

மிதியின் தேய்மானத்துக்கு விடை எனக்கு அப்போதே கிடைத்துவிட்டது. நான் அதை எவரிடமும் சொன்னதில்லை. எவரும் அவ்வீட்டாரைக் கேட்டதுமில்லை. கேளாமலே, நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கேபிளை நினைவிலிருந்து எடுத்து அவர் முற்றத்தில் வைத்துவிட்டார்.

75,000 ரூபாயில் ஏலம் தொடங்கிற்று. ஒரு லட்சத்தைத் தாண்டியபின் மூவர் எஞ்சினோம். "ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்" என்று பெரியவர் முடித்தபோது 1,60,000 ரூபாய்க்கு வண்டி எனதாயிற்று. பங்கும் அங்கேயே கணக்கிடப்பட்டது. உம்மாவுக்கு 20,000, மகன்களுக்குத் தலைக்கு 56,000, மகளுக்கு 28,000. தரகர் சொன்ன விலைக்கு விற்றிருந்தால் மகளுக்கு 43,750 ரூபாய் வந்திருக்கும். உண்மையின் விலை அன்று அவர்க்கு மட்டும் 15,750 ரூபாய். அவ்விலையைத் தம் வாயாலேயே அறிவித்தவரும் அவர்தாம்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அவ்வணிகத்தில் பரக்கத் உண்டாகும் என்பதும், மறைத்தால் அது அழிக்கப்படும் என்பதும் நபிமொழியின் கருத்து. மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைப் பெருமானார் கேட்ட வரலாற்றையும் நாம் அறிவோம். பட்டினப்பாலை புகார் நகரத்து வணிகரைப் புகழும்போது, மிகுதியாகக் கொள்ளாமையையும் குறைவாகக் கொடாமையையும் அவர்தம் இயல்பாகக் காட்டுகிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்பது வள்ளுவர் நெறி. இவற்றையெல்லாம் வகுப்பறையில் நடத்தியிருக்கிறேன். நனைந்த தானியத்தைத் தாமே எடுத்து மேலே வைத்தவரை அன்றுதான் கண்டேன்.

இன்றைய நிலை

வண்டியை ஓட வைக்க ஐந்து திங்கள் ஆயின. மிஸ்திரி பெட்ரோல் தொட்டியைக் கழற்றித் துரு நீக்கினார்; பிரேக்கின் ரப்பர்களையும் நீர்க்குழாய்களையும் மின்கம்பிகளையும் புதிதாக மாற்றினார். இயந்திரம் உறுதியாகவே இருந்தது. இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கப்படுவதால், அதனைத் தாங்கும் எரிபொருள் குழாய்களையே பொருத்தச் சொன்னேன். பழைய ரப்பரை எத்தனால் அரித்துவிடும். ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்ய நடுவண் அரசு 2021இல் விதி வகுத்துள்ளது. அவ்வாறு பதிவானவற்றின் எண்ணில் 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் இடம்பெறும். ஆனால் அவற்றை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டலாகாது. வாங்க விரும்புவோர் இதனை முன்னரே எண்ணிப் பார்த்தல் நலம்.

விற்பனைக் கடிதத்தில் மீட்டர்க் கணக்கை எழுதிய இடத்தில், 1978ஆம் ஆண்டு ஓடிய தொலைவு இதில் அடங்காது என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார் அவ்வீட்டு உம்மா. அதன் கீழ் அவரும் மூன்று மக்களும் கையெழுத்திட்டுள்ளனர். அக்கடிதத்தை வண்டியின் ஆவணங்களோடு வைத்திருக்கிறேன். எனக்குப் பின் எவர் கைக்கு வண்டி போனாலும் அவ்வரியும் உடன் செல்லவேண்டும் என்று என் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் பலவற்றுக்குச் சான்று அளிக்கும் நிலையில் இருப்பீர்கள். அளவையும் எடையையும் மதிப்பெண்ணையும் கணக்கையும் உண்மையென எழுதிக் கையொப்பமிடும் பொறுப்பு உங்களைத் தேடி வரும். அளவில் மோசம் செய்வோரைக் கண்டித்துத் திருமறையில் 'அல்முதஃப்பிஃபீன்' என ஓர் அத்தியாயமே அருளப்பட்டுள்ளது. கருவி காட்டும் எண் ஒன்று. உங்கள் உள்ளம் அறிந்த எண் வேறொன்று என்னும் வேளையில், கேட்பார் எவருமில்லை எனினும் இரண்டாவதைச் சொல்லும் துணிவை வல்ல இறைவன் உங்களுக்கும் எனக்கும் அருள்வானாக!