ஒரு பிடி மடு மண்

சிப்காட் ஆலைகளில் இரவு பகலென முறை வைத்து உழைக்கும் கும்மிடிப்பூண்டிப் பகுதி மக்களுக்குக் கடல் கடந்து செல்வது எளிதன்று. சிறுகச் சிறுகச் சேமித்த பங்கு மக்கள் பதினெண்மருடன் சென்ற ஆண்டு நாம் இலங்கைக்கு ஆறு நாள் சுற்றுலா சென்று வந்தோம். புறப்படும் முன்னர், இங்குள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து மூதாட்டி ஒருவர் நம்மைத் தேடி வந்தார். மன்னார்ப் பக்கத்தவர், 1990இல் படகேறி வந்தவர்.

“சுவாமி, மடுவுக்கும் போவியள்தானே? வரேக்க மாதாவின்ர கோயில் மண் ஒரு பிடி கொண்டு வாங்கோ” என்றார். மடு மண் பாம்பின் நஞ்சையும் முறிக்கும் என்பது அவ்வட்டாரக் கத்தோலிக்கரின் வழிவழி நம்பிக்கை. கட்டாயம் கொண்டு வருவதாக வாக்களித்தோம்.

இலங்கை கண்ணுக்கு விருந்தளிக்கும் நாடு. கண்டி தலதா மாளிகையில், வெள்ளாடை உடுத்திய பௌத்த மக்கள் தாமரையும் அல்லியும் ஏந்தி, மேள ஒலிக்கிடையே பேச்சின்றி நின்ற பணிவு நம்மை நாணச் செய்தது. 1998 சனவரியில் புலிகளின் வெடிகுண்டு வண்டி சிதைத்த முகப்பு இன்று சீராகி நிற்கிறது. 1687இல், டச்சுக்காரரின் தடையை மீறி இரவலர் வேடத்தில் இத்தீவில் கால் வைத்த கோவாவின் புனித யோசேப்பு வாஸ், பின்னர்ப் பௌத்த மன்னரின் நிழலில் பணியாற்றி, 1711இல் உயிர் துறந்ததும் இக்கண்டியில்தான். கண்டியின் கடைசி மன்னரோ நாடு கடத்தப்பட்டு, 1832இல் நம் வேலூரில் மாண்டார். அடைக்கலமும் அகதி வாழ்வும் இவ்விரு கரைகளுக்கும் புதியன அல்ல.

நான்காம் நாள் தம்புள்ளையில் தங்கினோம். பயணத் திட்டத்தில் சிகிரியா இருந்தது, மடு இல்லை. சிகிரியாவை விட்டுவிட்டால் மடு சென்று திரும்பலாம் என்றார் வழிகாட்டி. இளைஞர்கள் சிகிரியாவையே கேட்டனர். நாம் வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நமக்கும் அக்குன்றைக் காணும் ஆசை இருந்தது.

ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் அரண்மனை எழுப்பிய குன்று அது. ஏறக்குறைய 1200 படிகள் ஏறி உச்சியில் நின்றபோது, வடக்கே விரிந்த காடுகளைக் கண்டு மடுவை எண்ணினோம். 1670இல் டச்சுக்காரருக்கு அஞ்சி மாந்தையிலிருந்து மக்கள் தூக்கிச் சென்ற மாதா அவர். போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கானோருக்குப் புகலிடம் தந்தவர். 2008இல் தாமே இடம்பெயர நேர்ந்தவர். எண்ணினோம், எண்ணியபடியே படமும் எடுத்துக்கொண்டோம்.

ஊர் திரும்பிய பின் ஒரு வாரம் முகாமின் பக்கம் செல்லவில்லை. பின்னர்த் தேயிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு சென்று உண்மையைச் சொன்னோம். மூதாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “பறவாயில்லை சுவாமி. சிகிரியாவில ஏறினியளே? எப்படி இருந்தது, சொல்லுங்கோ. பிறந்த நாடு எண்டுதான் பேர், நான் மன்னாரைத் தாண்டி ஒண்டும் கண்டதில்லை” என்றார்.

விளக்கேற்றும் நேரம்வரை சொல்லிக்கொண்டிருந்தோம். முகாமிலேயே பிறந்து, இன்றும் எந்நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லாத அவருடைய பேரனும் அருகமர்ந்து கேட்டான்.

நல்ல சமாரியர் உவமையை எத்தனையோ முறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். அடிபட்டுக் கிடந்தவனை அவ்வழியே வந்த குருவும் பார்த்தார்; பார்த்துவிட்டு விலகிச் சென்றார். பார்ப்பது மட்டும் போதுமென்றால் அவரும் குற்றமற்றவரே. ஊரெல்லாம் பார்த்துத் திரும்பிய நமக்கு, அந்தக் குரு யாரென்பது அன்றுதான் விளங்கிற்று.

அன்பர்களே, இலங்கைக்குச் செல்வீர்களாயின், உங்கள் ஊருக்கு அருகிலுள்ள முகாமுக்கு ஒருமுறை சென்று, என்ன கொண்டு வர வேண்டுமெனக் கேட்டுச் செல்லுங்கள். கேட்டதைப் பயணத் திட்டத்தின் முதல் வரியில் எழுதுங்கள். வரும் ஆகஸ்டு 15 திருவிழாவுக்கு நாம் மடுவுக்கே புறப்படுகிறோம். மூதாட்டிக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது.