கதியாலுக்குள்ளே கம்பி

பாரின் நீளத்தை மட்டும் சொல்லிச் செயின் வாளுக்குச் செயின் கேட்கிறவரை நான் வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிடுவேன். "பன்னிரண்டு இஞ்சிக்கு ஒண்டு தாங்கோ" என்றால் எதை எடுத்துக் கொடுப்பது? பன்னிரண்டு அங்குலப் பாருக்கு 3/8 சின்னச் செயின் என்றால் பாரின் தவாளிப்புக்குள் ஓடுகிற நாக்கு 44, சில பாருக்கு 45. கால் அங்குலச் செயின் என்றால் அதே நீளத்துக்கு 64. பழைய செயினைக் கழற்றிக் கொண்டு வா, ஏலாவிட்டால் வாளையே தூக்கிக்கொண்டு வா என்பேன். போன மாரிக்கு முன்னம் வந்த ஒரு தம்பிக்கு அது பிடிக்கவில்லை. "சின்ன வாளுக்குமா அண்ணை இவ்வளவு கணக்கு? நான் என்ன பெரிய மரமே தறிக்கப் போறன்?" என்று சிரித்துவிட்டு, ரவுணுக்குப் போய் எதையோ வாங்கிப் பூட்டிக்கொண்டான். சின்ன வாளுக்குத்தான் கணக்குக் கூட. பெரிய எஞ்சின் தன் இழுவையால் செயினின் பிழையை மூடிவிடும். முப்பது சீசீ வாளிடம் மூடுவதற்கு ஒன்றுமில்லை.

பிச் என்பது அடுத்தடுத்த மூன்று றிவெற்றை நடுவுக்கு நடு அளந்து பாதியாக்கினால் வருவது. அளவு அரை அங்குலம் என்றால் கால் அங்குலப் பிச், முக்கால் என்றால் 3/8. இடையில் 0.65 வந்தால் 0.325, கொப்பு வெட்டுகிற வாளில் அதற்கு வேலையில்லை. 3/8இலும் பெரியது, சின்னது என்று இரண்டு இருக்கிறது. பிச் ஒன்றுதான் என்று பெரியதைக் கொண்டுபோய்ச் சின்ன வாளில் போடக் கூடாது. நாக்கின் தடிப்பு வேறு கணக்கு: 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீற்றர். எல்லாம் செயினிலேயே அடித்திருக்கும். ஒறிகன் செயினில் 91 என்றிருந்தால் 3/8 சின்னது, தடிப்பு 1.3, 90 என்றால் அதே பிச், 1.1. ஸ்டில் செயின் நாக்கில் ஒற்றை இலக்கம்தான்: 1 என்றால் 1.1, 3 என்றால் 1.3. மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தால் எழுத்துத் தெரியும். கழுவத்தான் ஆளில்லை.

குருநகரில் இருந்துகொண்டு மரம் வெட்டுகிற வாளைப் பற்றிப் பேசுகிறானே என்பார்கள். இங்கே கடல், இறங்குதுறை, வலைத் தொழிற்சாலை, தொடர்மாடி. மரத்துக்கு எங்கே போவது என்பார்கள். பைபர் வருமட்டும் இந்த ஊரின் வள்ளமும் றோலரும் மரத்தில்தான் கட்டப்பட்டன என்பது இப்போதுள்ள பிள்ளைகளுக்கு ஞாபகமில்லை. எனக்கு அரம் பிடிக்கப் பழக்கினவரும் மரம் வெட்டுகிறவரல்ல, ஓர் ஓடாவியார்.

வள்ளத்தின் வங்குக்கு வளைந்த கொப்புத் தேடி அவர் வளவு வளவாக அலைவார். வேம்பில், பூவரசில் தானாக வளைந்து நிற்கிற கொப்பைக் கண்டால், மரத்தைச் சுற்றி இரண்டு தரம் நடந்து பார்த்த பிறகுதான் விலை பேசுவார். வளைவு கெடாமல் கொப்பை இறக்க வேண்டும். இழுபட்டுப் பிளந்தால் அது விறகு. அதனால் கீழ்ப்பக்கத்தில் முதலில் ஒரு வெட்டு, பிறகு மேலிருந்து. இப்போது செயின் வாளோடு நிற்கிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கீழ்வெட்டைப் போடுவதில்லை. கொப்பு உரித்துக்கொண்டு விழும்போது வீட்டுக்காரர் ஓட்டையும் சேர்த்துக் கொண்டு போகிறது.

செயின் வாள் வந்தபோது ஓடாவியார் அதை விரும்பவும் இல்லை, விலக்கவும் இல்லை. முதல் நாள் செயினைக் கழற்றி மடியில் வைத்து ஒவ்வொரு பல்லாக விரலால் தடவினார். "இதுக்கும் கைவாளுக்கும் வித்தியாசமில்லை. ஆர் கூராக்கிறது எண்டதுதான் கேள்வி" என்றார். பிறகு என்னை உட்கார்த்தினார். அரத்தை முன்னுக்குத்தான் தள்ள வேண்டும், பின்னுக்கு இழுத்தால் கையில் தட்டுவார். இருக்கிறதில் கட்டையான பல் எது என்று தேடி முதலில் அதைக் கூராக்க வேண்டும். மற்றதெல்லாம் அதன் நீளத்துக்கு இறங்கி வர வேண்டும். இடப்பக்கப் பல் நீளமாகவும் வலப்பக்கப் பல் கட்டையாகவும் இருந்தால் வாள் நேரே போகாது, வளைத்துக்கொண்டு போகும். கூர் பார்க்கிறதுக்கு அவர் பல்லைப் பார்க்க மாட்டார், நிலத்தைப் பார்ப்பார். வாள் தூளைக் கொட்டினால் மொட்டை, சீவலாகக் கொட்டினால் கூர். தூள் கண்டால் ஒன்றும் பேசாமல் அரத்தை நீட்டுவார். அந்த நீட்டலுக்கு நான் பயந்த அளவுக்குப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் பயந்ததில்லை.

செயின் பெட்டியில் ஒறிகன் என்று போட்டிருக்கிறதே, அந்த அமெரிக்க மாநிலத்தில் ஜோ கொக்ஸ் என்ற மரம் வெட்டுகிறவர் 1946இல் ஒரு கட்டையைப் பிளந்தபோது வண்டின் புழு ஒன்றைக் கண்டாராம். புழு தாடையை இடமும் வலமுமாக மாறி மாறி ஓட்டி, நாருக்குக் குறுக்கேயும் நெடுக்கேயும் மரத்தைத் தின்றுகொண்டு போனது. அதைப் பார்த்து அவர் செய்த பல்தான் இன்றைக்கும் நாங்கள் அரம் போடுகிற பல். அடுத்த ஆண்டே விற்பனைக்கு வந்தது. தென்னை வண்டோடு மல்லுக்கட்டுகிற எங்களுக்குப் புழுவின் கெட்டித்தனம் தெரியாததல்ல. இந்தக் கதையை ஓடாவியாருக்குச் சொன்னேன். "புழுவுக்கு அரம் தேவையில்லை. எங்களுக்குத்தான் வேணும்" என்றார்.

சரி, எந்தச் செயின்? கடைக்காரர் வெட்டுகிற வேகத்தைச் சொல்லி விற்பார். யாழ்ப்பாணத்தில் அரத்தால் எதைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று பார்த்துத்தான் செயின் எடுக்க வேண்டும். எங்கள் மரங்களுக்குள் என்ன கிடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. கதியால் என்று நட்ட கிளுவையும் பூவரசும் சீமைக்கிளுவையும் பருத்து மரமாகிவிட்டன. அன்றைக்கு அடித்த ஆணியும் கட்டின முள்ளுக்கம்பியும் பட்டைக்குள்ளே போய், வெளியில் ஒரு தடிப்பு மட்டும் தெரியும், சிலதில் அதுவும் தெரியாது. வேலி ஓரத்துக் கதியாலை இடுப்பளவில் அறுத்தால் நாலு மரத்தில் ஒன்றாவது கம்பி காட்டும். அறுத்த முகத்தில் கறுப்போ நீலமோ படர்ந்திருந்தால் இரும்பு கிட்டத்தான் இருக்கிறது, நிற்பாட்டு என்பார் ஓடாவியார். சண்டைக் காலத்துச் செல் துண்டும் சன்னமும் வேறு. பளை, முகமாலைப் பக்கத்துத் தென்னையும் பனையும் மட்டுமல்ல, அரியாலையில் வீட்டு முற்றத்து வேம்பிலும் இருக்கும். வடக்கில் மர ஆலை வைத்திருக்கிறவரைக் கேளுங்கள், வாள் போன கதை சொல்வார்.

கால் அங்குலச் செயினின் பல் சிறியது. ஒரு கம்பி பட்டால், பட்ட காயம் மறையுமட்டும் அரம் போட வேண்டும். அதற்குள் பல்லின் ஆயுளில் கால்வாசியோ மூன்றில் ஒன்றோ போய்விடும். பன்னிரண்டு அங்குலத்தில் அந்தப் பல் 32 இருக்கிறது. 3/8 சின்னதில் 22தான்; ஒவ்வொன்றும் நீளமாக, அடி வாங்கி அரம் வாங்கி மறுபடி வேலைக்கு வரும். பத்துப் பல் குறைவு என்பது வெயிலுக்குள் நிற்கிறவனுக்கு எவ்வளவு நேரம் என்று நான் சொல்லத் தேவையில்லை. அரமும் பார்க்க வேண்டும். 3/8 சின்னதுக்கும் பெரும்பாலான கால் அங்குலச் செயினுக்கும் 4 மில்லிமீற்றர் வட்ட அரம் போதும். ஆனால் ஸ்டிலின் மெல்லிய கால் அங்குலச் செயின் 3.2 கேட்கும், அது எல்லாக் கடையிலும் கிடைக்காது. 0.325க்கு வாங்கின 4.8ஐப் போட்டுத் தேய்த்துவிட்டு 'செயின் மோசம்' என்று வருகிறார்கள்.

கால் அங்குலத்துக்கு நியாயம் இல்லாமலில்லை. பல் சின்னக் கடியாகக் கடிப்பதால் விரல் தடிப்புக் கொப்பை இழுத்துச் சுழற்றாது. பாரின் மூக்கு ஒடுங்கினது. மூக்கின் மேற்பாதி எதிலாவது தட்டினால் வாள் முகத்துக்கு எழும்பும் என்பது தெரிந்ததுதானே. மூக்கு ஒடுங்கினால் அந்த எழும்பல் குறைவு. வேம்பின் உச்சியில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, மேற்பிடி வாளால் பச்சைக் கொப்புக் கழிக்கிறவருக்கு அதைத்தான் கொடுப்பேன். உச்சியில் கம்பி இருக்காது. செல் துண்டு இருந்தால் அவருடைய விதி. வேலியில் வேலை செய்கிறவருக்கு ஒருநாளும் கொடுக்க மாட்டேன். தென்னை, பனைக்கும் சரிவராது. நார் பறந்து வந்து ஸ்புரொக்கெற் மூடிக்குள் அடைந்துகொள்ளும், சின்னச் செயின் முதலில் திணறும்.

தடிப்பு என்றால், மரத்தில் ஏறுகிறவருக்கு 1.1. பார் மெல்லியது, பாரம் குறைவு, அறுக்கிற கீறும் ஒடுக்கம், சின்ன எஞ்சின் மூச்சு வாங்காது. நிலத்தில் நின்று வெட்டுகிறவனுக்கு 1.3. அவன் கொப்பில் வாள் இறுகினால் ஆப்பு வைக்க மாட்டான், முறுக்கி இழுப்பான். 1.1 பார் அந்த முறுக்கிலேயே வளைந்துவிடும்.

யூரியூப்பில் பார்த்துவிட்டு 25 சீசீ வாளில் சிற்பம் செதுக்குகிற கால் அங்குலப் பாரைப் பூட்டிக்கொண்டு வருகிறார்கள். பார் மாற்றினாய், செயின் மாற்றினாய், ஸ்புரொக்கெற்? "அதுவும் மாத்தோணுமோ?" கால் அங்குலத்துக்கு எட்டுப் பல் ஸ்புரொக்கெற், ஒரு சுற்றுக்குச் செயின் நாலு அங்குலம் ஓடும். 3/8 சின்னதுக்கு ஆறு பல், ஒரு சுற்றுக்கு நாலரை. ஒன்றின் பல்லில் மற்றது உட்காராது. நாக்கின் அடி தேய்ந்து, பிறகு அந்தச் செயின் எந்த வாளுக்கும் ஆகாது. மாற்றச் சொன்னால் கிளச்சைச் சுத்தியலால் அடித்து அடித்து இன்னும் இறுக்கிக்கொண்டு வருவார்கள். அது இடப்புரி.

பாரின் நீளத்தில் இருக்கிற வீம்பு தனி. 25 சீசீக்குப் பத்து அங்குலம் அழகு, பன்னிரண்டு போதும். பதினாலு கேட்பார்கள், பதினாறும் கேட்பார்கள். நீளம் கூடக் கூட ஓட்ட வேண்டிய செயினும் கூட, எண்ணெய் போய்ச் சேர வேண்டிய தூரமும் கூட. எஞ்சின் அதே எஞ்சின். இந்த ஊர் வாடிக்கையாளர்களில் இன்னொரு சாதி உண்டு: படகு எஞ்சினுக்கு ஓடுகிற மண்ணெண்ணெய் வாளுக்கும் ஓடும் என்று நினைக்கிறவர்கள். அவர்களுக்குப் பிச்சும் பாரும் சொல்லிப் பயனில்லை, பிஸ்ரன் இறுகின பிறகுதான் வருவார்கள்.

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்த பிறகு பற்றரி வாள்கள் வீட்டுக்கு வீடு வந்துவிட்டன. நாலங்குலம், ஆறங்குலம். முருங்கைக்கும் ஆட்டுக்குக் குழை முறிக்கவும் நல்லதுதான். கொக்கத்தடியும் அதைச் செய்யும் என்பதை விடுவோம். ஆனால் அதன் செயினைக் கூராக்குகிறவர் ஒருவரையும் நான் காணவில்லை. மழுங்கினால் எறிந்துவிட்டுப் புதிது. பெற்றோல் வாள்காரரும் அரத்தை விட்டுவிட்டுக் கல்லு மெசினில் பிடிக்கிறார்கள், ஒரு நிமிசத்தில் பளபளவென்று வந்துவிடும். பல்லின் நுனி நீலம் பாரித்திருப்பதைப் பார்ப்பதில்லை. சூடேறி உருக்கின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். இரண்டு கொப்புக்கு வெட்டும், மூன்றாவதுக்குத் தேய்க்கும். பல்லுக்கு முன்னால் நிற்கிற மேட்டையும் சேர்த்து வழித்துவிடுவார்கள். அது பல்லின் உயரத்துக்கு 0.65 மில்லிமீற்றர்தான் கீழே நிற்க வேண்டும். வழித்தால் வாள் 'நல்லாக் கடிக்குது' என்று இரண்டு நாளைக்குச் சந்தோசம். பிறகு ஒரு கொப்பில் துள்ளும்.

2019இல் நாட்டிலுள்ள செயின் வாள்களையெல்லாம் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. காடழிப்பைத் தடுக்கிறதுக்கு, சரி. பலாவும் ஈரப்பலாவும் பெண்பனையும் அனுமதியில்லாமல் தறிக்கக் கூடாது என்று 1951ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, அதுவும் சரி. வாளைப் பிடிக்கிறவனுக்குப் பல்லில் எது இடம், எது வலம் என்று தெரியுமா என்பதை மட்டும் எந்தக் காலத்திலும் ஒருவரும் கேட்கவில்லை. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் அடித்துவிட்டுப் போனபோது வாள் வைத்திருந்தவர்களெல்லாம் மரம் வெட்டுகிறவர்களாகிவிட்டார்கள். வளைந்து விசையோடு கிடக்கிற கொப்பில் எந்தப் பக்கம் முதலில் வெட்டுவது என்று தெரியாமல் நின்றவர்களை நான் கண்டேன். கூலி மட்டும் எல்லாருக்கும் ஒன்று.

பாரைப் பற்றி இன்னொன்று. எங்கள் காற்று உப்புக்காற்று. வேலை முடிந்தால் செயினைக் கழற்றி எண்ணெயில் போட வேண்டும், பாரின் தவாளிப்பைத் தகட்டால் சுரண்டி எண்ணெய்த் துளையைத் திறக்க வேண்டும். ஓரத்தில் பிசிறு எழும்பியிருந்தால் தட்டை அரம். பிறகு பாரைப் புரட்டிப் பூட்ட வேண்டும், ஒரே பக்கம் தேயாமல் இருக்க. நான் திருத்திக் கொடுக்கிற ஒவ்வொரு வாளிலும் இதைச் செய்கிறேன். சென்ற கிழமையும் ஒருவர் வாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பாரில் எழுத்துத் தலைகீழாக இருக்கிறது, பிழையாகப் பூட்டிப்போட்டியள் என்று காசில் இருநூறு ரூபாயைக் குறைத்துத் தந்துவிட்டுப் போனார்.